ரேம் தீரும் முன் எதை நிறுத்துவது? எர்லிஊம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அண்ணே, சிஸ்டம் ஸ்டக் ஆயிருச்சு, மவுஸ்கூட நகரல." டவுன்ஹால் ரோடு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகையின் கடைசி திருத்தம் போய்க்கொண்டிருக்கும்போது இந்தக் குரல் கேட்டால், அடுத்து கை போவது பவர் பட்டனுக்குத்தான். அரை மணி நேர வேலை அங்கேயே போய்விடும். மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமும் 4 ஜிபி, 8 ஜிபி ரேம் உள்ள கணினிகளில் லினக்ஸ் போட்டு டிசைன் கடை, இ-சேவை மையம், டியூஷன் லேப் நடத்துகிறவர்களுக்காக, ரேம் தீரும் முன்பே ஏதாவது ஒரு ப்ரோக்ராமை நிறுத்தி சிஸ்டம் உறையாமல் காக்கும் எர்லிஊம் பற்றிய பக்கம் இது.

கட்டளைகள், கோப்புப் பெயர்கள், ப்ரோக்ராம் பெயர்கள் எல்லாவற்றையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். எர்லிஊம் என்பது எர்லி என்ற சொல்லோடு இரண்டு ஓ, ஒரு எம் சேர்ந்தது. நடுவில் இடைவெளி கிடையாது, எல்லாம் சின்ன எழுத்து.

ரேம் நிறைந்தால் வேகம் குறையலாம். ஆனால் ஏன் மொத்தமாக உறைந்துபோகிறது?

ரேமில் உங்கள் படமும் பக்கமும் மட்டும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்களின் குறியீடும் அங்கேதான் இருக்கிறது. இடம் போதாதபோது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதலில் கைவைப்பது வட்டில் இன்னொரு பிரதி உள்ள பக்கங்களில் (ரேமைப் பிரித்து வைக்கும் சின்னத் துண்டுகள்). ப்ரோக்ராமின் குறியீடு வட்டில் அப்படியே இருப்பதால், "தேவைப்பட்டால் திரும்பப் படித்துக்கொள்ளலாம்" என்று அதைத் தூக்கிவிடுகிறது. அடுத்த நொடியே அது தேவைப்படுகிறது. படித்து வைக்க இடம் வேண்டும் என்பதால் இன்னொரு ப்ரோக்ராமின் குறியீடு வெளியே போகிறது. அதுவும் உடனே தேவைப்படுகிறது. இந்தச் சுற்றுக்கு முடிவே இல்லை. ஹார்டிஸ்க் விளக்கு விடாமல் எரிவதற்குக் காரணம் இதுதான்.

நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்டிஸ்க் ஒன்று, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய இடங்களிலிருந்து நொடிக்குச் சுமார் 100 தடவைதான் படிக்கும். ஒரு பக்கம் 4 கிலோபைட் என்றால் நொடிக்கு 400 கிலோபைட். பிரவுசர், டெஸ்க்டாப், இங்க்ஸ்கேப் எல்லாம் சேர்ந்து 100 எம்பி குறியீட்டைத் திரும்பக் கேட்டால் நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். கெர்னல் முன்கூட்டியே சேர்த்துப் படிப்பதால் நடைமுறையில் கொஞ்சம் தேவலாம். ஆனாலும் எஸ்எஸ்டி உள்ள கணினி திணறி மீளும் இடத்தில், ஹார்டிஸ்க் உள்ள கணினி அசையாமல் நின்றுவிடும்.

கெர்னலிலேயே ஊம் கில்லர் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. ரேம் தீர்ந்தால் ஏதாவது ஒரு ப்ரோக்ராமை நிறுத்தும் கெர்னலின் பகுதிதான் ஊம் கில்லர். ஒரு பக்கத்தைக்கூட இனி விடுவிக்க முடியாது என்ற நிலை வந்தால்தான் அது இறங்கும். மேலே சொன்ன சுற்றில் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு பக்கம் விடுவிக்கப்படுகிறது. கெர்னலின் கணக்கில் வேலை நடக்கிறது, நம் கணக்கில் சிஸ்டம் செத்துவிட்டது. அது விழித்துக்கொள்ளப் பல நிமிடங்கள் ஆகலாம். சில நேரம் மணிக்கணக்கும் ஆகும். கெர்னல் உயிர்பிழைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். உங்கள் டெஸ்க்டாப் பதில் சொல்கிறதா என்பது அதன் பொறுப்பில் இல்லை.

எர்லிஊம் அப்படி என்ன செய்கிறது?

கெர்னலுக்கு வெளியே, சாதாரண சர்வீஸாக ஓடும் சின்ன ப்ரோக்ராம் அது. எடுத்துக்கொள்ளும் ரேம் சுமார் 2 எம்பி. தன் பக்கங்களை ரேமிலேயே பூட்டி வைத்துக்கொள்வதால் நெருக்கடியில் அதுவே வெளியே தள்ளப்படாது. /ப்ராக்/மெம்இன்ஃபோ கோப்பில் மெம்அவைலபிள் (மிச்சமுள்ள ரேம்), ஸ்வாப்ஃப்ரீ (மிச்சமுள்ள ஸ்வாப், அதாவது ரேம் போதாதபோது பொதுவாக வட்டில் பயன்படுத்தும் இடம்) என்ற இரண்டு எண்களையும் நொடிக்குப் பத்து தடவை வரை பார்க்கும். இடம் தாராளமாக இருந்தால் பார்க்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வைகை அணைக்கு 71 அடி முழுக் கொள்ளளவு. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தண்ணீர் விளிம்பைத் தொடும்வரை யாரும் காத்திருப்பதில்லை. எர்லிஊமுக்கும் அப்படி இரண்டு படிகள் உண்டு. ரேமில் மிச்சம் 10 சதவீதத்துக்குக் கீழும், ஸ்வாப்பில் மிச்சம் 10 சதவீதத்துக்குக் கீழும் போனால், அதிக ஊம்ஸ்கோர் (யாரை முதலில் நிறுத்தலாம் என்று கெர்னல் போடும் மதிப்பெண்) உள்ள ப்ராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமுக்கு, சிக்டெர்ம் அனுப்பும். இது "முடித்துக்கொள்" என்ற கோரிக்கை. ப்ரோக்ராமுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. இரண்டும் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் சிக்கில். அதில் பேச்சுக்கே இடமில்லை, கெர்னல் உடனே முடித்துவிடும்.

இரண்டும் ஒரே நேரத்தில் கீழே போனால்தான் நடவடிக்கை. பாதிப் பேர் இதைக் கவனிக்காமல்தான் ஏமாறுகிறார்கள், கீழே வருகிறது.

எப்படி நிறுவுவது?

டெபியன், உபுண்டு, மின்ட் எதுவானாலும்: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எர்லிஊம். சர்வீஸ் தானே ஓடத் தொடங்கிவிடும். ஃபெடோராவில் டிஎன்எஃப் வழியாக நிறுவி, சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் எர்லிஊம் என்று தொடக்கிவிட வேண்டும். அமைப்புகள் இருக்கும் கோப்பு /ஈடிசி/டிஃபால்ட்/எர்லிஊம். அதில் எர்லிஊம்_ஆர்க்ஸ் என்ற ஒரே வரி (பெயர் முழுவதும் பெரிய எழுத்து). மாற்றிய பிறகு சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எர்லிஊம். ரீஸ்டார்ட் செய்யாமல் "மாத்தியும் ஒண்ணும் நடக்கல" என்று சொல்வோர் நிறைய.

10, 5 என்ற அளவு எல்லாக் கணினிக்கும் சரியா?

இல்லை. 4 ஜிபி கணினியில் கிராபிக்ஸ் பங்கு போக 3.7 ஜிபி அளவுக்கு மிஞ்சும். அதில் 10 சதவீதம் சுமார் 380 எம்பி, அது சரியான அளவு. 8 ஜிபியில் 10 சதவீதம் என்றால் 780 எம்பி சும்மா கிடக்கும்போதே ஏதாவது ஒன்று நிறுத்தப்படும். அங்கே எர்லிஊம்_ஆர்க்ஸ் வரியில் -எம் 6,3 (ரேமுக்கான அளவு) போடுங்கள். 16 ஜிபியில் -எம் 4,2 போதும். ஹார்டிஸ்க்கில் ஓடும் கணினி என்றால் இந்த எண்களை ஒன்றிரண்டு கூட்டியே வையுங்கள். அது திணறத் தொடங்கினால் எர்லிஊம் அனுப்பும் சிக்டெர்மை ப்ரோக்ராம் வாங்கிச் செயல்படவே நேரம் பிடிக்கும்.

கமாவுக்கு முன்னால் இருப்பது சிக்டெர்ம் அளவு, பின்னால் சிக்கில் அளவு. இரண்டாவதை விட்டுவிட்டால் முதலில் பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும்.

எர்லிஊம் ஓடுகிறது. ஆனாலும் சிஸ்டம் உறைகிறது. ஏன்?

பெரும்பாலும் ஹார்டிஸ்க்கில் உள்ள பெரிய ஸ்வாப்தான் காரணம். "ரேமைப் போல இரண்டு மடங்கு ஸ்வாப்" என்ற பழைய வழக்கப்படி 8 ஜிபி ஸ்வாப் போட்டிருப்பார்கள். ரேம் தீர்ந்த பிறகு, ஸ்வாப்பில் 7.2 ஜிபி நிரம்பும்வரை எர்லிஊம் சும்மா இருக்கும். இரண்டும் குறைய வேண்டும் என்பதுதானே விதி? அந்த 7.2 ஜிபியை ஹார்டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிப்பதற்குள் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

இதற்கு மூன்று வழிகள். முதலாவது, -எஸ் 100 (ஸ்வாப்புக்கான அளவு) சேர்ப்பது. ஸ்வாப் முழுக்கக் காலியாக இருந்தாலும் "100 சதவீதத்துக்குக் கீழ் அல்லது சமம்" என்ற நிபந்தனை நிறைவேறிவிடும். அப்புறம் ரேமை மட்டும் வைத்தே எர்லிஊம் முடிவெடுக்கும். இரண்டாவது, ஹார்டிஸ்க் ஸ்வாப்பையே எடுத்துவிடுவது: சூடோ ஸ்வாப்ஆஃப் -ஏ கொடுத்துவிட்டு, /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் ஸ்வாப் வரியின் முன்னால் # போடுங்கள். ஹைபர்னேட் வேலை செய்யாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். மூன்றாவது இசட்ரேம். பழைய கணினிக்கு எங்கள் பரிந்துரை இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் செய்வதுதான்.

இசட்ரேம் என்றால்?

ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப். அதிகம் தொடாத பக்கங்களைச் சுருக்கி அங்கேயே வைத்துக்கொள்ளும். பொதுவாக இரண்டு, மூன்று மடங்கு சுருங்கும். ஹார்டிஸ்க் பக்கமே போகாததால் திணறல் குறைவு. டெபியன் வகைகளில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவி, /ஈடிசி/டிஃபால்ட்/இசட்ரேம்ஸ்வாப் கோப்பில் ஆல்கோ=இசட்எஸ்டிடி, பர்சென்ட்=50 என்று வையுங்கள் (இடப்பக்கப் பெயர்கள் பெரிய எழுத்தில்). மிகப் பழைய ப்ராசஸராக இருந்தால் இசட்எஸ்டிடிக்குப் பதில் எல்இசட்4. சுருக்கம் குறையும், ப்ராசஸருக்குச் சுமையும் குறையும்.

இசட்ரேம் போட்ட கணினியில் -எஸ் 100 வேண்டாம். போட்டால், இசட்ரேம் நிறையும் முன்பே எர்லிஊம் ஆளைத் தூக்கிவிடும். இசட்ரேம் போட்டதே வீணாகும். -எஸ் 10 என்ற இயல்பான அளவிலேயே விடுங்கள். ஹார்டிஸ்க் ஸ்வாப்பும் கூடவே இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் சதவீதம் பார்க்கும், பழைய சிக்கல் திரும்பிவிடும்.

எதை நிறுத்த வேண்டும் என்று நாம் சொல்ல முடியுமா?

முடியும். சொல்லியே ஆக வேண்டும். எர்லிஊம் போடுவதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. யாரோ ஒருவர் வெளியேறத்தான் வேண்டும் என்றால், யார் என்பதை நெருக்கடிக்கு முன்பே நீங்கள் முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும்.

--ப்ரிஃபர் பட்டியலில் உள்ள பெயருக்கு ஊம்ஸ்கோரில் 300 கூடும். --அவாய்ட் பட்டியலில் உள்ளதற்கு 300 குறையும். டிசைன் கடைக்கு ஒரு தொடக்கம்:

எர்லிஊம்_ஆர்க்ஸ்="-ஆர் 3600 -எம் 6,3 --ப்ரிஃபர் '^(குரோம்|குரோமியம்|வெப்.கன்டென்ட்|ஐசொலேட்டட்.வெப்.கோ)$' --அவாய்ட் '^(ஜிம்ப்|இங்க்ஸ்கேப்|ஸ்க்ரைபஸ்|சாஃபிஸ்|க்யூஈஎம்யூ-சிஸ்டம்|எக்ஸ்ஆர்க்|எக்ஸ்வேலண்ட்|எக்ஸ்எஃப்சிஇ4-செஷன்|க்னோம்-ஷெல்|டிபிகேஜி|ஆப்ட்)'"

இதில் கவனிக்க வேண்டியது பெயரின் நீளம். எர்லிஊம் பார்ப்பது /ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸின் எண்ணுக்குக் கீழுள்ள காம் என்ற கோப்பை. கெர்னல் அதில் 15 எழுத்துக்கு மேல் வைக்காது. விண்டோஸை மெய்நிகர் கணினியாக ஓட்டும் க்யூஈஎம்யூவின் முழுப் பெயர் க்யூஈஎம்யூ-சிஸ்டம்-எக்ஸ்86_64. ஆங்கில எழுத்தில் எண்ணிப் பாருங்கள்: க்யூஈஎம்யூ 4, கோடு 1, சிஸ்டம் 6, கோடு 1, எக்ஸ்86 3. மொத்தம் 15. அதோடு வெட்டப்பட்டுவிடும்; _64 அங்கே இருக்காது. முழுப் பெயரை எழுதி இறுதியில் $ (பெயர் இதோடு முடிய வேண்டும் என்ற குறி) போட்டால் அந்த விதி ஒரு நாளும் பொருந்தாது. பேஜ்மேக்கருக்காகவும் பழைய தமிழ் எழுத்துருக்களுக்காகவும் விண்டோஸை இப்படி வைத்திருப்பவர்கள், பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் மேலே அவாய்ட் பட்டியலின் முடிவில் $ போடவில்லை. தொடக்கம் பொருந்தினால் போதும். ஜிம்ப்பின் பெயரில் பதிப்பு எண்ணும் ஒட்டிக்கொண்டு வரும், லிப்ரெஆஃபிஸ் சாஃபிஸ்.பின் என்று வரும். இரண்டுக்கும் இந்த முறை சரி.

ஃபயர்ஃபாக்ஸின் டேப்கள் ஐசொலேட்டட் வெப் கோ என்ற பெயரில் ஓடும். கன்டென்ட் என்ற கடைசிச் சொல்லும் அதே 15 எழுத்தில் வெட்டுப்பட்டு கோ ஆகிவிட்டது. நடுவில் இடைவெளிக்குப் பதில் புள்ளி வைத்தால் மேற்கோள்குறித் தகராறு வராது.

டெஸ்க்டாப்பை ஏன் காக்க வேண்டும் என்றால், வேலண்ட் என்ற திரை அமைப்பில் க்னோம்-ஷெல் நின்றால் அதற்குள் திறந்திருக்கும் எல்லாமே சேர்ந்து போய்விடும். தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி அப்டேட்டின் நடுவில் நின்றால் தொகுப்புகள் பாதியில் தொங்கும். அப்படி ஆகிவிட்டால் சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ.

--இக்னோர் போட்டால் முழுப் பாதுகாப்புதானே?

புதிய பதிப்புகளில் அது இருக்கிறது. பட்டியலில் உள்ளதைத் தொடவே தொடாது. ஒன்றிரண்டு பெயருக்கு மேல் போடாதீர்கள். ஜிம்ப்பே 3 ஜிபி தின்றுகொண்டிருக்கும்போது அதை இக்னோரில் வைத்தால், எர்லிஊம் சுற்றியுள்ள சின்னச் சின்ன ப்ராசஸ்களை ஒவ்வொன்றாக நிறுத்தும். இடம் கிடைக்காது. கடைசியில் கெர்னலே இறங்கி ஜிம்ப்பைத் தூக்கும்.

இ-சேவை மையத்தில் பிரவுசரே வேலை. அதை நிறுத்தினால் விண்ணப்பம் பாதியில் போய்விடுமே?

ஆமாம். நிறுத்தப்பட்ட டேப்பை மீண்டும் திறக்கலாம், ஆனால் அடித்து வைத்திருந்த விவரங்கள் பெரும்பாலும் போய்விடும். வரிசையில் நிற்கிறவரிடம் குடும்ப அட்டை எண்ணை மறுபடியும் கேட்க வேண்டும்.

இரண்டு பிரவுசர் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ், பட்டா வேலையெல்லாம் ஃபயர்ஃபாக்ஸில். வாட்ஸ்அப் வெப், யூடியூப் பாட்டு எல்லாம் குரோமியத்தில். எந்த டேப்பில் எந்தத் தளம் என்று எர்லிஊமுக்குத் தெரியாது. ஆனால் எந்த பிரவுசர் என்று தெரியும். குரோமியத்தை ப்ரிஃபரில் போட்டு, ஃபயர்ஃபாக்ஸ், வெப்.கன்டென்ட், ஐசொலேட்டட்.வெப்.கோ மூன்றையும் அவாய்டில் போடுங்கள். குரோமியம் தன் டேப்களுக்குத் தானாகவே ஊம்ஸ்கோர்_அட்ஜ் மதிப்பை 300 ஆக உயர்த்தி வைத்துக்கொள்வதால், முழு பிரவுசரும் மூடாமல் முதலில் ஒரு டேப்தான் போகும்.

சிக்டெர்ம் வந்தால் ப்ரோக்ராம் கோப்பைச் சேமித்துவிட்டு மூடுமா?

நம்பாதீர்கள். ஜிம்ப்பில் தானியங்கிச் சேமிப்பே கிடையாது. கன்ட்ரோல்-எஸ் உங்கள் விரலில்தான் இருக்கிறது. இங்க்ஸ்கேப்பில் ப்ரிஃபரன்ஸஸ் பகுதியில் ஆட்டோசேவ் இருக்கிறது. லிப்ரெஆஃபிஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போனால் ஆட்டோரெகவரி இடைவெளி கிடைக்கும். இரண்டையும் 3 நிமிடத்துக்குக் குறையுங்கள்.

ஃப்ளெக்ஸ் பேனர் திறந்தாலே ரேம் தீர்கிறது. எர்லிஊம் உதவுமா?

சிஸ்டம் உறையாமல் காக்கும். பேனரைக் காக்காது. கணக்கைப் பாருங்கள்.

20 அடிக்கு 10 அடி பேனர், 72 டிபிஐ. அகலம் 240 அங்குலம், அதாவது 17,280 புள்ளி. உயரம் 120 அங்குலம், 8,640 புள்ளி. பெருக்கினால் சுமார் 14.9 கோடி புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரே லேயர் கிட்டத்தட்ட 600 எம்பி. காதுகுத்து பேனரில் பின்னணி, தாய்மாமன் படம், குழந்தை படம், எழுத்து, பூ அலங்காரம் என்று ஐந்து முழு அளவு லேயர் வைத்தால் 3 ஜிபி. அன்டூவுக்கு வைத்திருப்பது தனி. ப்ரிசிஷனை 32 பிட்டுக்கு மாற்றிவிட்டால் எல்லாம் நாலு மடங்கு.

லேயரைப் படத்தின் அளவுக்கு வெட்டுங்கள்: லேயர் மெனுவில் க்ராப் டு கன்டென்ட். முகம் மட்டும் உள்ள லேயர் பேனர் அளவுக்கு விரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுத்தை இங்க்ஸ்கேப்பில் வைத்து அடிக்கலாம். உயரத்தில் தொங்கப்போகும் பேனருக்கு 36 டிபிஐ போதும் என்றால் ரேம் கால்வாசியாகிவிடும். ஜிம்ப்பின் ப்ரிஃபரன்ஸஸ், சிஸ்டம் ரிசோர்சஸ் பகுதியில் டைல் கேஷ் அளவு இருக்கிறது. இயல்பாக ரேமில் பாதி. 8 ஜிபி கணினியில் பிரவுசரும் சேர்ந்து ஓடும் என்றால் அதை 2 ஜிபிக்கு இறக்குங்கள். அதற்கு மேல் போவதை ஜிம்ப் தன் சொந்தக் கோப்பில் எழுதிக்கொள்ளும். அந்தக் கோப்பு இருக்கும் அடைவு எஸ்எஸ்டியில் இருக்கட்டும். ஜிம்ப் மெதுவாகும், மற்றவை தப்பிக்கும்.

ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் மூடுகிறது, ரேம் மட்டும் திரும்பி வரவில்லை. இது என்ன?

ஃப்ரீ -எச் கொடுத்து ஷேர்டு என்ற பத்தியைப் பாருங்கள். அது ஜிபிக் கணக்கில் இருந்தால், பெரும்பாலும் தற்காலிகக் கோப்புகளுக்கான /டெம்ப் அடைவு ரேமிலேயே இருக்கிறது என்று பொருள். ஃபெடோராவில் வெகுநாளாக அப்படித்தான். டெபியனில் 13வது பதிப்பிலிருந்து. பிடிஎஃப் ஏற்றுமதி, ஸ்கேன் கோப்பு என்று அங்கே 2 ஜிபி கிடந்தால் அது ரேமில் 2 ஜிபி. எந்த ப்ராசஸை நிறுத்தினாலும் அது விடுபடாது. கோப்பை அழித்தால்தான் உண்டு. எர்லிஊமுக்கு இது தெரியாது, ஆளை மாற்றி ஆளை நிறுத்திக்கொண்டே போகும். டிஎஃப் -எச் /டெம்ப் பார்த்து அழியுங்கள். பழையபடி வட்டுக்கே மாற்ற சூடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டெம்ப்.மவுண்ட் கொடுத்து ரீபூட் செய்யுங்கள்.

உபுண்டுவில் சிஸ்டம்டி-ஊம்டி ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. அதுவும் இதே வேலைக்கானதுதான். சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியின் 247 பதிப்போடு 2020இல் வந்தது. உபுண்டு 22.04 டெஸ்க்டாப்பில் இயல்பாகவே இயங்கும். ஃபெடோரா 32இல் எர்லிஊம் இருந்தது, 34இல் ஊம்டிக்கு மாறினார்கள்.

எவ்வளவு ரேம் மிச்சம் என்பதைவிட, ரேமுக்காக ப்ராசஸ்கள் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கின்றன என்பதை ஊம்டி முக்கியமாகப் பார்க்கிறது. 4.20 கெர்னலில் வந்த பிஎஸ்ஐ அளவீடு அது. கேட் /ப்ராக்/பிரஷர்/மெமரி கொடுத்தால் நீங்களும் பார்க்கலாம். ஃபுல் வரியில் ஏவிஜி10=40 என்றால், கடந்த 10 நொடியில் 40 சதவீத நேரம் எல்லா வேலையும் ரேமுக்காக நின்றிருக்கிறது. உறைவதை அளக்க இதைவிட நேர்மையான எண் கிடையாது.

சிக்கல் எங்கே என்றால், ஊம்டி ஒரு ப்ராசஸை அல்ல, ஒரு சிக்ரூப்பையே (கெர்னல் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கும் ப்ராசஸ் கூட்டம்) மொத்தமாக சிக்கில் கொடுத்து முடிக்கிறது. சிக்டெர்ம் அவகாசம் இல்லை. க்னோமில் ஒவ்வொரு செயலியும் தனித்தனி சிக்ரூப்பில் இருப்பதால் பரவாயில்லை; ஆனாலும் ஒரு டேப் போக வேண்டிய இடத்தில் முழு பிரவுசரும் மூடும். 22.04 வந்தபோது பலர் புகார் சொன்னது இதைத்தான். எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப்பில் செயலிகள் பெரும்பாலும் ஒரே செஷனுக்குள் கிடக்கும். அங்கே ஊம்டி கண்டுகொள்ளாமல் விடும், அல்லது மொத்த செஷனையும் முடித்து லாகின் திரைக்குக் கொண்டுபோய்விடும். பழைய கணினியில் எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே வைத்திருப்பவர்களுக்கு எர்லிஊம்தான் பொருத்தம்.

இரண்டையும் சேர்த்து ஓட்டாதீர்கள். எது நிறுத்தியது என்றே தெரியாமல் போகும். சூடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் சிஸ்டம்டி-ஊம்டி கொடுத்து, பிறகு மாஸ்க் செய்யுங்கள்.

பில்லிங் மென்பொருளின் மரியாடிபி நின்றுபோனால் தானாகத் திரும்ப ஓடுமா?

ஓடாமல் போகலாம். சிக்டெர்ம் வாங்கிய மரியாடிபி (பில் விவரங்கள் இருக்கும் தரவுத்தளம்) ஒழுங்காகத் தரவை எழுதி முடித்துவிட்டு, "நல்லபடியாக முடிந்தேன்" என்ற குறியோடு வெளியேறும். சிஸ்டம்டியைப் பொறுத்தவரை அது தோல்வி இல்லை. ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர் என்று இருந்தால் அது மீண்டும் தொடக்காது. காலையில் கடை திறந்தால் பில் போடவே முடியாது.

சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் மரியாடிபி கொடுத்து, [சர்வீஸ்] தலைப்பின் கீழ் ரீஸ்டார்ட்=ஆல்வேஸ், ரீஸ்டார்ட்செக்=5, ஊம்ஸ்கோர்அட்ஜஸ்ட்=-500 என்று மூன்று வரி போடுங்கள். கடைசி வரி இருந்தால் எர்லிஊமும் கெர்னலும் அதைக் கடைசியில்தான் தேடி வரும். சேமித்துவிட்டு மரியாடிபியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

நிறுத்தியதை டெஸ்க்டாப்பில் அறிவிக்குமா?

-என் சேர்த்து, சிஸ்டம்பஸ்-நோட்டிஃபை என்ற சின்ன ப்ரோக்ராமையும் உங்கள் செஷனில் ஓட விட வேண்டும். எர்லிஊம் தனிப் பயனராக ஓடுவதால், இது இல்லாமல் அறிவிப்பு திரைக்கு வராது. வேலைக்கு ஆள் வைத்திருக்கும் கடையில் இதை விடாதீர்கள். இல்லாவிட்டால் "தானா மூடிருச்சு, வைரஸ்" என்பார்கள்.

சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

எல்லாவற்றையும் சேமித்து மூடுங்கள். ஒரு டெர்மினலில் ஜர்னல்சிடிஎல் -எஃப்யு எர்லிஊம் ஓட விடுங்கள். இன்னொன்றில் டெயில் /டெவ்/ஜீரோ. டெயில் கடைசி வரியைத் தேடிக்கொண்டே போகும். அந்தக் கோப்பில் வரி முடிவே இல்லாததால் ரேமைத் தின்றுகொண்டே இருக்கும். சில நொடிகளில் லாகில் லோ மெமரி என்ற வரியும், அதையடுத்து டெயிலுக்கு சிக்டெர்ம் அனுப்பிய வரியும் வர வேண்டும். அரை நிமிடம் தாண்டியும் வராமல் மவுஸ் திக்கினால், ஹார்டிஸ்க் ஸ்வாப் இன்னும் இருக்கிறது. டெர்மினலில் கன்ட்ரோல்-சி அழுத்திவிட்டு ஸ்வாப்ஆன் --ஷோ பாருங்கள்.

ஒன்றையும் நிறுத்தாமல் பட்டியலை மட்டும் சோதிக்க வேண்டுமானால் --டிரைரன் உண்டு. அது யாரை நிறுத்தியிருக்கும் என்று எழுதிவிட்டு விட்டுவிடும்.

இப்போதே உறைந்து கிடக்கிறது. பவர் பட்டன் தவிர வழி உண்டா?

ஆல்ட் பிடித்துக்கொண்டு சிஸ்ஆர்க்யூ, எஃப். பிரின்ட்ஸ்க்ரீன் விசையில்தான் சிஸ்ஆர்க்யூ இருக்கும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இது கெர்னலின் ஊம் கில்லரைக் கையால் கூப்பிடுவது. எர்லிஊமின் அவாய்ட் பட்டியல் இதற்குப் பொருந்தாது, பெரியதாக எது இருக்கிறதோ அது போகும்.

முன்கூட்டியே அனுமதி கொடுத்திருந்தால்தான் வேலை செய்யும். உபுண்டுவில் கெர்னல்.சிஸ்ஆர்க்யூ மதிப்பு 176. ப்ராசஸ்களை நிறுத்தும் அனுமதியின் எண் 64. அது 176க்குள் இல்லை. இரண்டையும் கூட்டினால் 240. /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் 60-சிஸ்ஆர்க்யூ.கான்ஃப் என்று ஒரு கோப்பு உண்டாக்கி, கெர்னல்.சிஸ்ஆர்க்யூ=240 என்று ஒரே வரி எழுதி, சூடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம் கொடுங்கள். 10 என்று தொடங்கும் பழைய கோப்புக்குப் பிறகு 60 படிக்கப்படுவதால் உங்கள் எண்ணே நிற்கும். பலர் வந்து உட்காரும் டியூஷன் லேப்பில் இதைத் திறந்துவிட வேண்டாம். விசையைத் தெரிந்துகொண்ட பையன் அடுத்தவன் வேலையை மூடிவிடுவான்.

கூடுதலாக ரேம் போட்டால் இதெல்லாம் வேண்டாம்தானே?

போடுங்கள். முடிந்தால் ஹார்டிஸ்க்கை எஸ்எஸ்டியாகவும் மாற்றுங்கள். ஆனால் 16 ஜிபியிலும் ஒரு பிரவுசர் டேப் கசிய ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் தின்று தீர்த்துவிடும். எர்லிஊமை எடுக்க வேண்டாம், -எம் எண்ணை மட்டும் இறக்கிவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள்.